குறுகிய நகர மனையில் மர வீடு: மனை அளப்பதிலிருந்து சுவர் மூடுவது வரை முழு வழிகாட்டி

செங்கல் சுவரில் தவறு நடந்தால் கொத்திவிட்டு மறுபடி பூசிக்கொள்ளலாம். மரச்சட்டச் சுவரில் அந்த வசதி குறைவு. வலிமை, ஈரத்தடுப்பு, தீத்தடுப்பு, ஒலித்தடுப்பு எல்லாம் அதற்குள் அடுக்கடுக்காக அடங்கியிருக்கின்றன. மூடியபின் ஓர் அடுக்கைத் தொட வேண்டுமென்றால் அதன் மேலுள்ள எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பக்கத்து வீட்டை ஒட்டிய மனையில் இன்னும் சிக்கல்: சுவரை நிறுத்திய அன்றே அதன் வெளிப்பக்கம் கைக்கு எட்டாமல் போய்விடும். அதனால் கட்டி முடித்தபின் எந்தெந்த இடத்துக்குத் திரும்பிப் போகவே முடியாது என்று முதலில் பட்டியல் போடுங்கள். அந்த இடங்களைத் தீர்மானித்தபிறகுதான் அறைகளை வரைய வேண்டும்.

விளக்குவதற்கு ஒரே ஒரு மனையை எடுத்துக்கொள்வோம்: 6 மீ. அகலம், 14 மீ. நீளம். முன்னால் 1.5 மீ., பின்னால் 2 மீ. திறந்தவெளி. இடப்பக்கம் எல்லையை ஒட்டிய சுவர், வலப்பக்கம் 1 மீ. சந்து. இரண்டு தளம், நான்கைந்து பேர் வாழும் குடும்பம். எவ்வளவு இடம் விட வேண்டும், எல்லையில் மரச்சுவர் கட்டலாமா, எத்தனை மணி நேரத் தீத்தாங்கல் தேவை என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். உள்ளூர் விதியைக் கையில் வைத்துக்கொண்டே கோடு போடுங்கள். கீழே வரும் மர அளவுகள் முதல் வரைவுக்கானவை. மரவகை, தரம், காற்று, நிலநடுக்கப் பகுதி ஆகியவற்றைப் பார்த்துக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டு உறுதி செய்த பிறகே மரம் வாங்க வேண்டும்.

மனையை மில்லிமீட்டரில் அளப்பது

பத்திரத்திலுள்ள அகலத்தை நம்பி வரையக் கூடாது. முன், நடு, பின் என மூன்று இடங்களில் அகலத்தையும், இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். 45 மி.மீ. வித்தியாசம் செங்கல் வேலையில் பூச்சில் மறைந்துவிடும். இங்கே அது வெளிப்பலகையும் அதன் பின்னுள்ள காற்றிடைவெளியும் சேர்ந்த அளவு. அடுத்த வீட்டுச் சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டு இரண்டு தள உயரத்துக்கும் பாருங்கள். அது உங்கள் பக்கம் 30 மி.மீ. சாய்ந்திருந்தால் உங்கள் வீட்டின் அகலத்தில் அந்த 30 மி.மீ. போயிற்று. அந்தச் சுவரின் அடித்தளம் எவ்வளவு ஆழம், எல்லையைத் தாண்டி வந்திருக்கிறதா என்பதை ஒரு சிறு சோதனைக்குழி தோண்டித்தான் அறிய முடியும்.

தெருவையும் அளக்க வேண்டும். 5 மீ. நீள விட்டம் தெருமுனை திரும்புமா, மின்கம்பி எந்த உயரத்தில் ஓடுகிறது, கிரேன் நிற்க இடமுண்டா என்ற மூன்று கேள்விகளே சுவரை எவ்வளவு பெரிய பலகங்களாக, அதாவது படுக்கையில் செய்து நிமிர்த்தும் துண்டுகளாக, செய்யலாம் என்பதை முடிவு செய்யும்.

சுவரின் அடுக்குகள், மிஞ்சும் அகலம்

அறையை வரையும் முன் சுவரை வெட்டி வரையுங்கள். எல்லைச் சுவர், உள்ளிருந்து வெளியே:

1. தீத்தாங்கும் 15 மி.மீ. ஜிப்சம் போர்டு, இரண்டு அடுக்கு: 30 மி.மீ.
2. 45×140 மி.மீ. செங்குத்துச் சட்டங்கள், 400 மி.மீ. இடைவெளியில், நடுவே ராக்வூல் (பாறையிழைப் பஞ்சு): 140 மி.மீ.
3. கட்டமைப்புத் தர பிளைவுட்: 12 மி.மீ.
4. சிமென்ட் ஃபைபர் போர்டு, அதன்மேல் நீரைத் தடுத்து ஆவியை விடும் தாள்: 12 மி.மீ.
5. காற்றிடைவெளி தரும் உலோக ரீப்பர்: 25 மி.மீ.
6. மடிப்புள்ள உலோகத் தகடு: சுமார் 10 மி.மீ.

மொத்தம் ஏறக்குறைய 230 மி.மீ. இந்தச் சுவருக்குள் குழாயோ மின்பெட்டியோ வைக்கக் கூடாது. பின்னாளில் கசிந்தால் பார்க்க வழியில்லை, ஒவ்வொரு மின்பெட்டியும் தீத்தடுப்பில் ஒரு துளை. மின்கம்பிகளெல்லாம் சந்துப்பக்கச் சுவரிலும் உள் தடுப்புகளிலும்தான் போக வேண்டும். சந்துப்பக்கச் சுவரில் ஜிப்சம் 15, அதன் பின்னால் கம்பிகளுக்கான 40 மி.மீ. இடம், சட்டம் 140, பிளைவுட் 12, காற்றிடைவெளி 25, மரப்பலகை 20 என்று 250 மி.மீ. வரும்.

எல்லையில் 50 மி.மீ. இடைவெளி, சந்துக்கு 1 மீ. கழித்தால் வீட்டின் வெளி அகலம் 4.95 மீ., உள் அகலம் 4.47 மீ. நிலநடுக்கப் பகுதியில் 50 மி.மீ. போதாது. இரு கட்டடங்களும் ஆடும்போது மோதாத அளவுக்குப் பொறியாளர் இடைவெளி கேட்பார், அதை இப்போதே கழித்துவிடுங்கள். நீளவாக்கில் வெளி அளவு 10.5 மீ., உள்ளே 10 மீ.

உயரமும் படிக்கட்டும்

தளத்துக்குத் தளம் 2.88 மீ. வைப்போம். படி உயரம் 180 மி.மீ. என்றால் சரியாக 16 ஏற்றம். மிதி 250 மி.மீ. வைத்தால் இரண்டு ஏற்றமும் ஒரு மிதியும் சேர்ந்து 610 மி.மீ., ஏற வசதியான அளவு. 15 மிதிக்கு நேர்ப்படியின் நீளம் 3.75 மீ.

இந்த 2.88 மீட்டரில் தரை எவ்வளவு தின்னும் என்பதைக் கூட்டிப் பாருங்கள். விட்டம் 240, தரைப்பலகை 22, ஒலித்தடுப்பு விரிப்பு 12, மேல்தளப் பலகை 14, கூரையடி அதிர்வுப்பட்டை (ஜிப்சத்தை விட்டத்தில் நேரே படாமல் தாங்கும் பட்டை) 16, ஜிப்சம் 25. ஆக 329 மி.மீ. போய் அறைக்குள் மிஞ்சுவது 2.55 மீ. சுவர்ப்பலகத்தின் உயரம் 2,618 மி.மீ. சந்தையில் எளிதாகக் கிடைக்கும் பலகைத்தாளின் நீளமோ 2,440 மி.மீ. இதைக் கவனிக்காமல் வரைந்தால் ஒவ்வொரு பலகத்திலும் ஒரு கிடைமூட்டு வரும், அதன் பின்னால் இடைக்கட்டை வைத்து ஆணி அடித்தாக வேண்டும். அல்லது 3 மீ. அளவுத் தாள் கிடைக்குமா என்று விசாரித்து அதற்கேற்ப வரையலாம்.

படிக்கட்டு எங்கே? எல்லைச் சுவரில் சன்னல் வைக்க முடியாது. அதனால் வெளிச்சம் தேவைப்படாத படிக்கட்டு, அலமாரி, பொருளறை எல்லாம் அந்தச் சுவரோரம் வரிசையாக நிற்பதுதான் நியாயம். அதற்கு ஒரு விலை உண்டு. விட்டங்கள் வீட்டின் அகலவாக்கில் ஓடுகின்றன, படிக்கட்டுத் திறப்போ நீளவாக்கில். தலை இடிக்காமலிருக்க 2 மீ. உயரம் விட்டால் திறப்பு சுமார் 3.2 மீ. நீளமாகி, பத்துக்கும் மேற்பட்ட விட்டங்களை வெட்டும். அவற்றை ஒரே நீள உத்தரத்தில் தொங்கவிடுவது தேவையற்ற கனம். படிக்கட்டின் உள்பக்கத்தில் தரையிலிருந்தே ஒரு தாங்கு தடுப்புச்சுவர் எழுப்பி விட்டங்களை அதன்மேல் இருத்தினால் தாங்குதூரம் 4.47 மீட்டரிலிருந்து சுமார் 3.5 மீட்டராகக் குறையும், தரையின் அதிர்வும் குறையும்.

இன்னொரு விளைவைப் பலர் மறக்கிறார்கள். திறப்புள்ள இடத்தில் எல்லைச் சுவருக்கு நடுவில் தரையின் பிடிப்பு இல்லை. அது இரண்டு தள உயரத்துக்கு ஒற்றையாக நிற்கும். அங்கே தள மட்டத்தில் கிடைமட்ட உத்தரம் வேண்டும், அல்லது சட்டங்கள் இணைப்பின்றி இரண்டு தளமும் தொடர வேண்டும். விட்டால் காற்றுக்குச் சுவர் உள்வாங்கி வெளியேறும், ஜிப்சம் மூட்டுகள் வெடிக்கும்.

அறைகளை அடுக்குவது

உள்ளேயுள்ள 10 மீட்டரை முன்பகுதி 3.2, நடுப்பகுதி 3.9, பின்பகுதி 2.7 மீ. எனப் பிரித்து, இரண்டு குறுக்குச் சுவருக்கு 10 செ.மீ. வீதம் விடலாம். கீழே முன்னால் கூடம், நடுவில் சாப்பாட்டு இடமும் படிக்கட்டும் சந்துப்பக்கமாக ஒரு குளியலறையும், பின்னால் சமையலறை. மேலே முன்பின் இரு படுக்கையறைகள். நடுவில் படிக்கட்டும் 90 செ.மீ. நடைவழியும் போக 2.47 மீ. அகலம் மிஞ்சும். அதில் 1.5 மீ. குளியலறைக்கு, 2.3 மீ. ஒரு சிறு படிப்பறைக்கு.

இப்படி வகுத்ததன் லாபம்: இரண்டு குறுக்குச் சுவர்களும் இரு தளங்களிலும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும், குளியலறையின் மேல் குளியலறை வரும், ஒவ்வொரு வசிப்பறைக்கும் வெளிச்சுவர் கிடைக்கும். மேல்தளச் சுவரை அரை மீட்டர் நகர்த்தினால் படுக்கையறை நன்றாகுமே என்று தோன்றும். அந்த அரை மீட்டருக்காகக் கீழே இரட்டை விட்டமும் உத்தரமும் தலைமேல் இறங்கும். சின்ன வீட்டில் அது கட்டுபடியாகாது.

மரம்: ஈரம்தான் முதல் கேள்வி

சட்டங்களுக்குச் சூளையில் உலர்த்திய, வலிமைத்தரம் பிரித்த மரம் வாங்குங்கள். ஈரப்பதம் 19 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 12 முதல் 15 சதவீதம் நல்லது. மாய்ஸ்சர் மீட்டரை ஒரு முனையில் மட்டும் குத்திப் பார்ப்பது போதாது. முனை சீக்கிரம் காயும். முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளியும் நடுவிலும் பாருங்கள்.

மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகச் சொற்பம், அகலவாக்கில்தான் சுருங்கும். ஈரம் 4 சதவீதம் இறங்கினால் அகலம் ஏறத்தாழ 1 சதவீதம் குறையும் என்பது கைக்கணக்கு. ஒரு தளத்தில் படுத்திருக்கும் மரம் அடிச்சட்டம் 45, இரட்டைத் தலைச்சட்டம் 90, விட்டம் 240, ஆக 375 மி.மீ. 19 சதவீதத்தில் கட்டி 11 சதவீதத்துக்குக் காய்ந்தால் ஒவ்வொரு தளமும் ஏழெட்டு மி.மீ. இறங்கும், கூரையடியில் 15 மி.மீ. ஆகிவிடும். கழிவுக்குழாய் நிமிர்ந்தே நிற்கும், வீடு மட்டும் இறங்கும். குழாய் மூட்டு விட்டுப்போவதும், கதவு இடிப்பதும், சன்னல் மேல் நீர்த்தகடு பின்பக்கமாகச் சரிந்து தண்ணீரை உள்ளே விடுவதும் இதனால்தான். காய்ந்த மரம் வாங்குவதே இதற்கு மலிவான மருந்து. கூடவே குழாய்த் துளைகளில் செங்குத்தாக 20 மி.மீ. தளர்ச்சி விடுங்கள்.

வெளிப்பலகைக்கு வைரம் பாய்ந்த பகுதி மட்டுமே வேண்டும். ஓரத்து வெளிர்ப்பகுதி எந்த மரமானாலும் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் இரையாகும். அழுத்த முறையில் மருந்தேற்றிய மரத்தை வெட்டினால் வெட்டுமுனையில் மருந்து இருக்காது, அங்கேயே தூரிகையால் பூச வேண்டும். போரான் மருந்து மழையில் கரைந்து போகும், அதை உள்ளே உலர்ந்திருக்கும் மரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

இந்த வீட்டுக்குச் சட்டம், விட்டம், கைமரம், இடைக்கட்டை, கழிவு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 10 கன மீ. மரம் பிடிக்கும். வெளிச்சுவர் பிளைவுட் 1.22×2.44 மீ. தாளில் 65 முதல் 70, தரைக்கு 20. இவ்வளவையும் மனையில் குவிக்க இடமிருக்காது. தளவாரியாக, நிறுத்தும் வரிசைப்படி எண்ணிட்டு வரவழையுங்கள். வந்ததைத் தரையிலிருந்து 15 செ.மீ. உயர்த்தி, அடுக்குகளுக்கிடையே குச்சி வைத்து, மேலே மட்டும் மூடிப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். சுற்றிலும் பிளாஸ்டிக் போர்த்தினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.

அடித்தளமும் கரையானும்

எல்லையோரத்தில் அடித்தளம் அடுத்த மனைக்குள் நீளக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் நீட்டிய அடித்தளம் பாரத்தில் சாயப் பார்க்கும். இங்கே மரத்தின் லேசான எடை கைகொடுக்கிறது. 230 மி.மீ. செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டும், இந்த மரச்சுவர் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. அதனால் பெரும்பாலான மண்ணில் விளிம்பு தடித்த ஒற்றைக் கான்கிரீட் மேடை போதும், ஆழத் தோண்ட வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு அடித்தளத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போக நேர்ந்தால், பொறியாளரின் மேற்பார்வையில் ஒரு மீட்டர் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டிக் கான்கிரீட் நிரப்பிய பிறகே அடுத்த துண்டுக்குப் போக வேண்டும்.

மேடையின் மேல்மட்டம் வெளித்தரையிலிருந்து குறைந்தது 300 மி.மீ., மழையும் கரையானும் மிகுந்த இடத்தில் 450 மி.மீ. உயர்ந்திருக்கட்டும். தரையில் விழுந்து தெறிக்கும் மழைநீர்தான் வெளிப்பலகையின் அடியை முதலில் அழுகச் செய்கிறது. அடிச்சட்டத்தின் கீழே ஈரத்தடுப்புத் தாள், அதன்மேல் மருந்தேற்றிய மரம்.

கரையானை முற்றிலும் தடுத்துவிடலாம் என்று எண்ணாமல், அது ஏறும் வழியைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்வதே உறுதியான முறை. மண்ணுக்கு அடிக்கும் மருந்து ஆண்டுகள் செல்லச் செல்ல வீரியம் இழக்கும். மேடையின் விளிம்பில் 75 மி.மீ. பட்டை எதையும் பூசாமல், மண் மூடாமல் திறந்திருந்தால் மண்குழாய் கட்டி ஏறுவது உடனே தெரியும். கான்கிரீட்டைத் துளைத்து வரும் ஒவ்வொரு குழாயையும் சுற்றி நுண்கண் கொண்ட ஸ்டெயின்லெஸ் வலையை வார்க்கும்போதே புதைக்க வேண்டும். எல்லைப் பக்கத்தில் விளிம்பைப் பார்க்கவே முடியாது. எனவே அங்கே அடிச்சட்டத்தின் கீழே தொடர்ச்சியான உலோகத் தகட்டை வைத்து வெளியே நீட்டி மடித்துவிடுங்கள், மூட்டுகளைப் பற்றவைத்தோ மடித்துப் பூட்டியோ அடைக்க வேண்டும். கான்கிரீட் அச்சுக்கு வைத்த பலகைத் துண்டு ஒன்றுகூட மண்ணில் மிஞ்சக் கூடாது.

சட்டம், காற்று, முன்சுவரின் பலவீனம்

லேசான வீட்டைக் காற்று தள்ளும், தூக்கும். தள்ளுவதைத் தாங்குவது பிளைவுட் அறைந்த சுவர்ப்பகுதிகள். தாள்களின் விளிம்பில் 150 மி.மீ. இடைவெளியிலும் நடுச்சட்டங்களில் 300 மி.மீ. இடைவெளியிலும் 50 மி.மீ. நீளத்துக்குக் குறையாத ஆணி அடியுங்கள். தாளுக்குத் தாள் 3 மி.மீ. விடுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் உப்பி மேடுதட்டும். ஆணித்துப்பாக்கியின் அழுத்தம் கூடி ஆணித்தலை தாளுக்குள் புதைந்தால் அந்த ஆணியைக் கணக்கில் சேர்க்காமல் பக்கத்தில் இன்னொன்று அடிக்க வேண்டும். தாளின் மேலடுக்கு கிழிந்துபோன இடத்தில் பிடிப்பு இருக்காது.

நீண்ட பக்கச் சுவர்கள் தாமாகவே வலுவானவை. குறுகிய வீட்டின் நோய் முன்சுவரில்தான். 4.95 மீட்டருக்குள் வாசலும் பெரிய சன்னலும் வைத்தால் மிச்சம் இரண்டு ஒல்லித் துண்டுகள். இரு மூலையிலும் 1.2 மீ. முழுச் சுவர் விட்டு, நடுவிலுள்ள 2.5 மீட்டருக்குள் எல்லாத் திறப்பையும் அடக்குங்கள். அதற்கும் ஒல்லியாக வேண்டுமென்றால், வண்டி நிறுத்தக் கீழ்த்தளம் முழுவதையும் திறக்க வேண்டுமென்றால், எஃகுச் சட்டகம் தவிர வழியில்லை. பிளைவுட்டைத் தடிமனாக்குவது இதைச் சரிசெய்யாது. இந்தத் துண்டுகளின் ஓரங்களில் கான்கிரீட்டோடு பிணைக்கும் இழுபிடி இரும்புகள் வேண்டும். அடிச்சட்டம் நெடுகிலும் 12 மி.மீ. நங்கூர போல்ட், இடைவெளி 1.2 மீட்டருக்கு மிகாமல், ஒவ்வொரு துண்டுச் சட்டத்தின் முனையிலிருந்தும் 30 செ.மீ.க்குள் ஒன்று. தூக்குவதைத் தாங்கக் கைமரத்திலிருந்து மேல்சட்டம், மேல்சட்டத்திலிருந்து கீழ்ச்சட்டம், அங்கிருந்து மேடை என உலோகப் பட்டை இடையறாமல் தொடர வேண்டும். ஓரிடத்தில் விட்டாலும் மற்றவை வீண்.

படிக்கட்டு இல்லாத பகுதியில் விட்டங்கள் முழு 4.47 மீ. தாண்டுகின்றன. 45×240 மி.மீ. விட்டங்களை 300 மி.மீ. இடைவெளியில் வைத்து, நடுவில் ஒரு வரிசை இடைக்கட்டை கொடுத்து, தரைப்பலகையைப் பசையும் ஸ்க்ரூவும் சேர்த்துப் பொருத்துங்கள். உடையாமலிருப்பதற்கு இவ்வளவு தேவைப்படாமல் போகலாம். நடக்கும்போது அலமாரிக் கண்ணாடி கிணுகிணுக்காமல் இருக்கத் தேவை.

எல்லைச் சுவரை நிறுத்துவது

வரைபடத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். அடுத்த வீட்டுச் சுவருக்கும் உங்கள் சுவருக்கும் நடுவே 50 மி.மீ. மட்டுமே. வெளியே நின்று தகடு அடிக்கவோ தாள் ஒட்டவோ முடியாது. ஆகவே வெளியடுக்குகள் அனைத்தையும் பலகம் படுத்திருக்கும்போதே முடித்துவிட்டுத்தான் நிமிர்த்த வேண்டும்.

பலகத்தின் நீளத்தை 2.4 மீட்டருக்குள் வையுங்கள். சட்டமும் பிளைவுட்டும் மட்டும் 120, 130 கிலோ வரும். சிமென்ட் போர்டும் தகடும் ஏறினால் இரட்டிப்பாகும். நான்கு பேர் கையால் தூக்கும் எடையல்ல அது, செயின் பிளாக் வேண்டும், நிமிர்ந்த நொடியிலேயே உள்பக்க முட்டுக்கட்டை பூட்ட வேண்டும்.

பலகத்துக்குப் பலகம் வரும் செங்குத்து மூட்டு வெளியிலிருந்து அடைபடாது. அதற்கு மூன்று ஏற்பாடு. தகட்டின் ஓர் அலை மடிப்பைப் பலகத்தின் ஓரத்துக்கு வெளியே நீட்டி விட்டால் அடுத்த பலகம் வரும்போது மடிப்பு மடிப்பின்மேல் அமரும். எனவே எந்தத் திசையில் வரிசையாக நிறுத்துகிறோம் என்பதை முன்பே முடிவு செய்து, பின்னாலிருந்து முன்னோக்கி, தெருப்பக்கம் கடைசியாக வரும்படி வையுங்கள். சட்டத்தின் முனையில், தானே உப்பி அடைக்கும் நுரைப்பட்டையை ஒட்டி, அடுத்த பலகத்தை போல்ட்டால் இழுத்து நெருக்குங்கள். ஈரத்தடுப்புத் தாளின் ஓரத்தை ஒரு பலகத்தில் சட்ட முனையைச் சுற்றி உள்பக்கம் மடித்து விட்டால் உள்ளிருந்தே நாடா ஒட்டி மூடலாம்.

தளங்கள் சந்திக்கும் கிடைமூட்டு இன்னும் கவனம் கேட்கும். மேல்தளத் தகடு கீழ்த்தளத் தகட்டின்மேல் 100 மி.மீ. இறங்கினால்தான் நீர் உள்ளே புகாது. நடுவில் விட்டமும் தரைப்பலகையும் 262 மி.மீ. உயரம். ஆக மேல்பலகத்தின் அடியிலிருந்து தகடு சுமார் 360 மி.மீ. தொங்கும். அப்படிப்பட்ட பலகத்தைத் தரையில் படுக்கவைத்து அடிவிளிம்பை ஊன்றி நிமிர்த்த முடியாது, தொங்கும் தகடு மடங்கிவிடும். நிமிர்ந்த நிலையில் தூக்கி, வெளியே நகர்த்தி, மேலிருந்து இறக்க வேண்டும். இந்த வரிசையைத் தச்சர்களோடு முன்கூட்டியே பேசி, கூடுமானால் பட்டறையில் இரண்டு சிறு துண்டுகளை வைத்து ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

இரு சுவர்களுக்கு நடுவிலுள்ள இடுக்கின் தலையை மூட அடுத்த வீட்டுச் சுவரில் தகட்டைப் பதிக்கலாம், அவர்கள் எழுத்தில் ஒப்புதல் தந்தால். இல்லாவிட்டால் உங்கள் சுவரின் தலைத்தகட்டை உள்பக்கம், உங்கள் கூரையை நோக்கிச் சரித்துவிடுங்கள். இடுக்கில் எப்படியும் கொஞ்சம் மழை இறங்கும். அடியில் மேடை விளிம்பை ஒட்டிச் சரிவு கொடுத்து முன்னோ பின்னோ வெளியேற வழி வைக்க வேண்டும். அடைத்துவிட்டால் தண்ணீர் தேங்குவது உங்கள் அடிச்சட்டத்தின் அருகே.

தீ

கனமான மரக்கட்டை எரியும்போது கரியடுக்கு உருவாகி உள்மரத்தைக் காக்கிறது. மென்மர வகைகளில் கரி நிமிடத்துக்குச் சுமார் 0.65 முதல் 0.8 மி.மீ. வேகத்தில் உள்ளே போகும். 45 மி.மீ. சட்டத்துக்கு அது பெரிய ஆறுதலல்ல, இரு பக்கமும் எரிந்தால் அரை மணிக்குள் முடிந்துவிடும். ஆகவே மெல்லிய சட்ட வீட்டில் காவல் ஜிப்சம் போர்டுதான். இரண்டு அடுக்கின் மூட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று வராமல் மாற்றி வையுங்கள், முதல் அடுக்கின் மூட்டையும் மறைந்துபோகிறதே என்று விடாமல் பூசுங்கள்.

வெளிப்பலகைக்குப் பின்னுள்ள 25 மி.மீ. காற்றிடைவெளி ஈரத்துக்கு நல்லது, தீக்கு அது புகைபோக்கி. ஒவ்வொரு தள மட்டத்திலும் சன்னல்களைச் சுற்றியும், சூடானால் உப்பி அடைத்துக்கொள்ளும் தடுப்புப்பட்டை வைக்க வேண்டும். சமையலறை படிக்கட்டுக்குள் நேரே திறக்கக் கூடாது, நடுவே கதவுள்ள சுவர் இருக்கட்டும். மேல்தளப் படுக்கையறை ஒவ்வொன்றிலும் ஆள் வெளியேறும் அளவுக்கு, குறைந்தது 450×750 மி.மீ. திறக்கும் சன்னல் தேவை. அதில் நிலையான கம்பி வைத்தால் அந்த வழி அடைபடும். பாதுகாப்புக்குக் கம்பி வேண்டுமென்றால் உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் வகை போடுங்கள். ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்கும் புகை எச்சரிக்கைக் கருவி தளத்துக்கு ஒன்றாவது வேண்டும்.

மர வீடு மிக ஆபத்தாக இருக்கும் காலம் ஜிப்சம் ஏறுவதற்கு முந்தைய வாரங்கள். அப்போது பற்றினால் அடுத்த வீட்டையும் சேர்த்தே எடுத்துப்போகும். கீழ்த்தளத்தில் ஒரு அடுக்கு ஜிப்சத்தைக் கூரை மூடியவுடனே ஏற்றிவிடுங்கள். வெல்டிங் வேலையை மனைக்கு வெளியே முடியுங்கள், மரத்தூளை அன்றன்றே அகற்றுங்கள்.

குளியலறையும் குழாயும்

விட்டத்தில் துளையிடலாம், ஆனால் உயரத்தின் நடுவில் மட்டும், உயரத்தில் நாலில் ஒரு பங்குக்கு மிகாமல். 240 மி.மீ. விட்டத்துக்கு அது 60 மி.மீ. கழிப்பறையின் 110 மி.மீ. குழாய் எந்த விட்டத்தையும் குறுக்கே கடக்க முடியாது என்று அர்த்தம். நம் வரைவில் விட்டங்கள் சந்துச் சுவரை நோக்கி ஓடுவதால் குழாய் இரு விட்டங்களுக்கு நடுவே, 255 மி.மீ. இடத்தில் நேரே வெளியேறிவிடும். மேல்தளக் கழிப்பறைப் பீடத்தின் நடுக்கோடு விட்டத்தின்மேல் விழாதபடி விட்ட வரிசையை முதலில் அங்கிருந்தே தொடங்கி எண்ணுங்கள். பிளம்பர் வந்தபின் இதைச் சரிசெய்யும் ஒரே வழி ரம்பம், அது விட்டத்தைக் கொல்லும்.

தரைப்பலகைமேல் சிமென்ட் போர்டு, அதன்மேல் வளைந்துகொடுக்கும் நீர்ப்புகாப் பூச்சு, மூலைகளில் துணிநாடா. சுவரில் எங்கும் 15 செ.மீ., குளிக்கும் மூலையில் 1.8 மீ. உயரம் வரை. சரிவு 80க்கு 1. கதவடியில் சிறு வரம்பு. வாய்க்காலை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிக் கீழிருந்து பார்த்த பிறகே ஓடு பதிக்க வேண்டும். குழாய் மூட்டுகளுக்கு நேரே கீழ்த்தளக் கூரையில் திறந்து பார்க்கும் மூடி ஒன்று விடுங்கள்.

ஒலி, வெப்பம், ஆவி

கீழ்த்தளக் கூரையில் அதிர்வுப்பட்டை, விட்டங்களுக்கிடையே 100 மி.மீ. ராக்வூல், இரட்டை ஜிப்சம், மேலே விரிப்பின்மேல் மிதக்கும் தரை. காலடி ஓசைக்கு இந்த நான்கும் சேர்ந்தால்தான் பலன். இதைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரு நீளமான ஸ்க்ரூ. ஜிப்சத்தைப் பட்டையில் மட்டும் பூட்ட வேண்டும், பட்டையைத் தாண்டி விட்டத்தில் ஏறிய ஸ்க்ரூ ஓசையை நேரே கடத்திவிடும். மிதக்கும் பலகையின் விளிம்பு சுவரைத் தொடக் கூடாது.

மரச்சுவருக்கு வெப்பத்தைத் தேக்கும் கனம் இல்லை, வெயில் பட்ட அறை சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். மேற்குச் சன்னலுக்கு வெளிப்புற நிழல், கூரையில் 200 மி.மீ. ராக்வூல், படிக்கட்டின் உச்சியில் திறக்கக்கூடிய வான்சன்னல். சூடான காற்று அந்தக் கிணறு வழியே மேலேறி வெளியே போகும், நடு வீட்டுக்கு வெளிச்சமும் அதே வழியில் இறங்கும்.

ஆவித்தடுப்புத் தாளை எந்தப் பக்கம் வைப்பது என்பது தட்பவெப்பத்தைப் பொறுத்தது. குளிர்நாட்டில் உள்பக்கம். வெளியே புழுக்கமும் உள்ளே ஏசியும் உள்ள வீட்டில் ஆவி வெளியிலிருந்து உள்ளே வருகிறது. அங்கே உள்பக்கம் பிளாஸ்டிக் தாளோ வினைல் சுவர்த்தாளோ ஒட்டினால் அதன் பின்னால் வேர்த்து, ஜிப்சம் கறுத்து, சட்டம் நனையும். அப்படிப்பட்ட இடத்தில் உள்பக்கம் ஆவி விடும் சாதாரணப் பெயின்ட் போதும்.

கூரையும் சந்தும்

எல்லைப் பக்கம் நீர்வாய்க்காலே வேண்டாம். அடைத்தால் நேரே சுவருக்குள் இறங்கும், ஏறிப் பார்க்கவும் இடமில்லை. முழுக்கூரையையும் சந்துப்பக்கம் சரிக்கும் ஒற்றைச் சரிவே இங்கு உகந்தது. விளிம்பை 40 செ.மீ. நீட்டினால் கூரைப்பரப்பு 56 சதுர மீ. அளவுக்கு வரும். மணிக்கு 100 மி.மீ. மழையில் அது நொடிக்கு சுமார் 1.6 லிட்டர். இரண்டு முனையிலும் 100 மி.மீ. இறக்குக்குழாய் வைத்தால் ஒன்று அடைபட்டாலும் மற்றது இழுக்கும். வாய்க்காலின் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கட்டும், நிரம்பினால் சந்தில் வழியும், சுவருக்குள் போகாது.

மரப்பலகையைச் சந்துப்பக்கம் உச்சிவரை போட ஆசை வரும். 5.5 மீ. உயரத்துக்குப் பாதுகாப்பாக ஏணி சாத்த அடியில் ஏறக்குறைய 1.4 மீ. தள்ளி ஊன்ற வேண்டும். சந்து ஒரு மீட்டர்தான். மேல்தளத்தில் பூச்சு புதுப்பிக்க ஒவ்வொரு முறையும் சாரம் கட்ட நேரும். கீழ்த்தளத்துக்கு மரப்பலகை, மேலே தகடோ சிமென்ட் ஃபைபர் பலகையோ என்று பிரித்தால் பராமரிப்பு கைக்குள் நிற்கும். பலகைக்கு ஸ்டெயின்லெஸ் ஆணி மட்டும். சாதாரண இரும்பு, துவர்ப்புச் சத்துள்ள மரத்தில் கருங்கோடாக வழியும். வெட்டுமுனைகளை மூடுபூச்சால் அடைத்து, நீர்த்தகட்டின் மேல் 10 மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்துங்கள்.

சுவரை மூடும் முன்

ஜிப்சம் ஏறுவதற்கு முந்தைய நாளை வேலைத்திட்டத்தில் தனியாக ஒதுக்குங்கள், அன்று வேறு வேலை வேண்டாம். ஒவ்வொரு சுவரிலும் மூன்று இடத்தில், குறிப்பாக அடிச்சட்டத்தில், ஈரம் அளந்து கட்டையிலேயே பென்சிலால் எழுதுங்கள். 18 சதவீதத்துக்கு மேலிருந்தால் மூடக் கூடாது, மின்விசிறி வைத்துக் காயவிடுங்கள். தண்ணீர்க் குழாய்களை அழுத்தம் ஏற்றி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். நங்கூர போல்ட்டுகளின் நட்டை மறுபடி முறுக்குங்கள், மரம் காய்ந்ததில் தளர்ந்திருக்கும். பிறகு எல்லாச் சுவர்களையும் கூரையடிகளையும் அளவுநாடா தெரியும்படி படம் எடுத்து, அறைவாரியாகப் பெயரிட்டு, ஒரு பிரதியை மின்பெட்டிக்குள் வையுங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் கூரையடி மூடியைத் திறந்து குழாய் மூட்டுகளைப் பார்ப்பதும், மேடை விளிம்பைச் சுற்றிக் கரையான் மண் ஏறியிருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதும் வீட்டில் குடியிருப்பவர்களின் பொறுப்பு.